செம்பனை ஓரத்து வீட்டுக்கு எந்த டிவி சர்வர்?

ஏரியலில் வரும் சேனல்களைப் பதிந்து வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் கணினிதான் டிவி சர்வர். மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் முற்றிலும் நின்றது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இப்போது ஏரியலில் வருவதெல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை. பெட்டியில் அதன் பழைய முறையான டிவிபி-டி என்று மட்டும் அச்சிட்ட மலிவு யூஎஸ்பி டியூனர் இங்கே வெறும் பிளாஸ்டிக். அமெரிக்காவில் விற்கும் எச்டிஹோம்ரன் என்ற நெட்வொர்க் டியூனர் பெட்டியும் அப்படித்தான், அது அமெரிக்க முறையான ஏடிஎஸ்சி. கட்டணச் சேவையான ஆஸ்ட்ரோவின் சேனல்கள் பூட்டப்பட்டவை என்பதால் கீழே சொல்லும் எந்த வழியிலும் பதிய முடியாது.

டிவி2-இன் தமிழ்ச் செய்தியை மட்டும் பதிந்து பார்க்க, பென்டிரைவ் செருகும் டிகோடரே போதும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. நொடிக்கு 6 மெகாபிட் ஓடும் எச்டி சேனல் மணிக்கு 2.7 ஜிபி பிடிக்கும். ஆக ஒன்றரை மணி நேரத்தில் படம் துண்டாகும், இல்லையேல் பதிவே நின்றுவிடும்.

அடுத்தது எச்டிஹோம்ரன்னின் டிவிபி-டி2 மாடலும், பதியவும் பார்க்கவும் உதவும் பிளெக்ஸ் மென்பொருளும். நெட்வொர்க் வயரைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் பிளெக்ஸில் பதிவு செய்யக் கட்டணச் சந்தா வேண்டும். தவிர, ஒரு சேனலுக்கு ஒரு டியூனர் போய்விடும். இரண்டு டியூனர் பெட்டியில் இரண்டு பதிவு ஓடும்போது அம்மா மூன்றாவதாக ஒரு சேனல் கேட்டால் கிடைக்காது.

டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள் ஜெயிப்பது இங்கேதான். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்தே வருகின்றன, அதுதான் மக்ஸ். ஒரு டியூனரை ஒரு மக்ஸில் நிறுத்தினால் அதிலுள்ள எல்லாச் சேனலையும் ஒரே நேரத்தில் பதியலாம். நிகழ்ச்சி அட்டவணையையும் அலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வீட்டுப் படங்களைத் திரைகளுக்கு அனுப்பும் மென்பொருளான ஜெல்லிஃபின்னால் அது முடியாது, எக்ஸ்எம்எல்டிவி என்ற அட்டவணை ஃபைலைத் தனியாகக் கொடுக்க வேண்டும். யூஎஸ்பி டியூனரையும் ஜெல்லிஃபின் நேரடியாகப் பிடிக்காது.

ஆகவே பதிவுக்கு டிவிஹெட்எண்ட், பார்ப்பதற்கு ஜெல்லிஃபின். இரண்டும் இலவசம். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியும் அதன்மேல் மாட்டும் டியூனர் அட்டையான டிவி ஹேட்டும் பதிவுக்குத் தாராளம், ஆனால் கைபேசிக்கு ஏற்றபடி படத்தை மாற்றி அனுப்பச் சொன்னால் பை திணறும். அதற்கு இன்டெல் என்100 மினி பிசி வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான், புலம்பல் மிச்சம்.

டிவிஹெட்எண்டை அமைக்கும்போது நெட்வொர்க் வகை டிவிபி-டி-தான், ஆனால் அதில் சேர்க்கும் மக்ஸின் டெலிவரி சிஸ்டம் டிவிபி-டி2, பேண்ட்வித் 8 மெகாஹெர்ட்ஸ். டெலிவரி சிஸ்டத்தையும் டிவிபி-டி என்று தேர்ந்தால் ஸ்கேன் வெறுங்கையோடு திரும்பும். நேர மண்டலம் கோலாலம்பூராக இல்லாமல் உலகப் பொது நேரத்தில் (யூடிசி) இருந்தால், நேரம் குறித்து வைத்த தானியங்கிப் பதிவு 8 மணி நேரம் தள்ளிப்போகும். பதிவில் நிகழ்ச்சிக்கு முன்னே 2 நிமிடம், பின்னே 10 நிமிடம் கூடுதலாக விடுங்கள். தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்தில் முடிந்த கதை கிடையாது. ஜெல்லிஃபின்னில் டிவிஹெட்எண்டின் 9981 போர்ட்டில் கிடைக்கும் சேனல் பிளேலிஸ்ட்டைக் கொடுத்தும் அது திறக்கவில்லையா? பெரும்பாலும் கடவுச்சொல் சிக்கல்தான். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதியுள்ள, கடவுச்சொல் இல்லாத ஒரு பயனரை டிவிஹெட்எண்டில் சேர்த்துவிடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பாதிக் குறை ஏரியலில்தான். செம்பனை ஓலை மழையில் நனைந்தால் அலையை விழுங்கும், அதனால் ஓலை உயரத்தைத் தாண்டிக் கம்பம் நடுங்கள். ஆர்ஜி6 வயர் 20 மீட்டரில் ஏறக்குறைய 4 டெசிபெல் தின்னும். பூஸ்டரை டிவி அருகே வைத்துப் பயனில்லை, கம்பத்தின் மேலேயே மாட்ட வேண்டும். பூஸ்டர் போட்டும் படம் கட்டங்கட்டமாக உடைந்தால் பக்கத்து 5ஜி கோபுரத்தைச் சந்தேகியுங்கள். அது 700 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது, டிவி 694-உடன் முடிகிறது. பூஸ்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால் தீரும்.

இடி இடித்தால் டிகோடர் ஏரியலைக் கழற்றி வைக்கலாம். சர்வர் பதிவில் இருக்கும்போது யார் கழற்றுவது? கம்பத்துக்கு எர்த் கம்பி, வயருக்கு சர்ஜ் தடுப்பான், கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யூபிஎஸ். இவை மூன்றையும் ஹார்டுடிஸ்க்குக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.