8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: மொட்டைமாடியில் நாலைந்து மழைக்காலம் தாண்டிய பிறகு

203 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத்தூரம், குவிய விகிதம் எஃப் 5.9. டாப்சோனியன் என்றால் மரப்பலகை அடித்தளத்தில் உட்காரவைத்துக் கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி. பல பெயர்களில் விற்கும் 8 அங்குல டாப்சோனியன்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. வாங்கும்போது எல்லாரும் ஆடியைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். நம் ஊரில் முதலில் படுத்துவதோ அடிப்பலகை.

அது பெரும்பாலும் லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. விளிம்புப் பட்டை ஓரிடத்தில் பிரிந்தால் போதும், ஐப்பசி ஈரத்தில் உப்பிக்கொள்ளும். அப்புறம் திருகு பிடிக்காது. முதல் நாள் பூட்டும்போதே திருகுத் துளைகளுக்கும் வெட்டு விளிம்புகளுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். உப்பிவிட்டதென்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. தச்சரிடம் கொடுத்து அதே அளவில் மரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்துகொள்வதுதான் வழி.

ஈக்குவடோரியல் மவுண்ட் (துருவத்தைக் குறிவைத்து வானத்தின் சுழற்சியோடு திரும்பும் தாங்கி) வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சொல். சென்னையில் துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், கன்னியாகுமரியில் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அதைக் குறிவைத்து மவுண்டைச் சரிசெய்வது தினமும் ஒரு தலைவலி. கண்ணால் பார்க்க மட்டும் என்றால் டாப்சோனியனே போதும். நீண்ட எக்ஸ்போஷர் படம் எடுக்கும் ஆசை இருந்தால் டாப்சோனியன் வேண்டாம்.

கோலிமேஷனை, அதாவது இரண்டு ஆடிகளையும் ஒரே நேராகக் கொண்டுவருவதை, பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, வரிசை தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. முதலில் குழாயைக் கிடைமட்டமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கத்துச் சிறிய துணை ஆடியின் மூன்று திருகுகளைத் தொடும்போது ஆலன் கீ கைதவறினால் நேரே அடியிலுள்ள பெரிய முதன்மை ஆடியின் மேல் விழக்கூடாது, அதற்காக. ஃபோகஸரில் (ஐபீஸ் செருகும் குழலில்) வைக்கும் கோலிமேஷன் லேசரின் புள்ளி முதன்மை ஆடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் வரும்வரை துணை ஆடியைத் திருத்துங்கள். அதன் பிறகுதான் முதன்மை ஆடியைத் திருத்தும் பின்பக்கத்து ஸ்பிரிங் குமிழ்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பூட்டுத் திருகை இறுக்கும்போது ஆடி மறுபடி நகரும், இறுக்கியபின் இன்னொரு தடவை பாருங்கள்.

மலிவு லேசரை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. ஃபோகஸரில் வைத்து லேசரை மட்டும் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள். ஆடியில் விழும் புள்ளியும் வட்டமடித்தால் கோணல் லேசரில்தான். அதற்குச் செஷயர் ஐபீஸ் (லேசர் இல்லாமல் கண்ணால் பார்த்தே ஆடிகளை நேராக்க உதவும் குழல்) எவ்வளவோ மேல். கடைசிச் சோதனை வானத்தில்: 10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்), அதாவது 120 மடங்கில், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வையின் நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். வளையங்களின் நடுவே தெரியும் கறுப்பு வட்டம் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் வேலை முடியவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் வியாழன் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தால் குற்றம் பெரும்பாலும் தளத்தில். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் ஆடி வேறு பனித்துக்கொள்ளும். துடைக்காதீர்கள், தானே காயட்டும். ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்து, ஆடிக்குப் பின்னால் 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை ஓடவிட்டால் வித்தியாசம் தெரியும்.

பார்வை? காற்று அசையாத இரவில் 6 மி.மீ. ஐபீஸ், 200 மடங்கு, அதற்கு மேல் அரிதாகவே பலன். அந்த உருப்பெருக்கத்தில் சனி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பார்வையைக் கடந்து ஓடிவிடும்; விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அடம்பிடித்தால் அடிப்பலகையின் நடு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நகர வானத்தில் நிலவும் கோள்களும் இரட்டை நட்சத்திரங்களும்தான் கதி. கேலக்ஸிகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜவ்வாது மலை மாதிரி இருட்டுக்குப் போனால் அதே குழாய் வேறு கருவி. மே நடுவில் இரவு 10 மணிவாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நிற்கும். 25 மி.மீ. ஐபீஸில் சர்க்கரையைக் கொட்டினாற்போல் பொடிப்பொடியாய் நட்சத்திரங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அடிவானத்துக்கு மேலேயே வராது.

பூஞ்சணம் முதலில் பிடிப்பது ஐபீஸைத்தான். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்தல், அவ்வளவே. குழாயை பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தி வேட்டி போதும். ஃபோகஸரின் மூடியை மட்டும் மறக்காதீர்கள். அந்த ஒன்றேகால் அங்குலத் துளை குளவிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. இரண்டு நாள் திறந்து கிடந்தால் மண்கூடு கட்டிவிடும், உதிரும் மண் நேரே ஆடியில் போய் விழும்.

அப்படி விழுந்தால் ஊதுபந்தால் முதலில் ஊதுங்கள், துணி வேண்டாம். போகாவிட்டால் செல்லை (ஆடியைத் தாங்கும் சட்டத்தை) கழற்றுமுன் குழாயிலும் செல்லிலும் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், தன் எடையிலேயே இழுபடும் பஞ்சு. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. மறுபடி சுத்தமான காய்ச்சி வடித்த நீரில் அலசி, விளிம்பில் சாய்த்து உலரவையுங்கள்.