இரண்டு மேசை, ஒரு இணைப்பு: ஐந்து போர்ட் ஸ்விட்ச், ஆறு மாதத்துக்குப் பிறகு

எங்கள் ஆபீஸில் மோடம் அடுத்த அறையில் இருக்கிறது. முன்பு அங்கிருந்து ஒரே ஒரு கேபிள்தான் என் கணினிக்கு வரும். நான்கடி தள்ளியிருக்கும் அக்காவின் கணினிக்கு, விண்டோஸில் இருக்கும் இணைப்புப் பகிர்வு வசதி மூலம் என்னிடமிருந்துதான் இணையம் போகும். அதாவது என் கணினி அணைந்தால் அவருக்கும் போச்சு. ஒருமுறை அவர் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாதிக்கு மேல் போன நேரத்தில், அப்டேட்டுக்காக என் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அன்றே ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். ஒரு கேபிளில் வரும் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது; கேபிள் செருகும் துளைதான் போர்ட். உள்ளங்கை அளவு, ஃபேன் இல்லை, சத்தமில்லை. மென்பொருள் எதுவும் போட வேண்டாம். மோடத்திலிருந்து வரும் கேபிளை ஒரு போர்ட்டில், இரண்டு கணினிகளையும் மற்ற போர்ட்களில் செருகினால் போதும். பழைய பகிர்வை நிறுத்திவிட்டு, அக்காவின் கணினியில் கையால் கொடுத்து வைத்திருந்த 192.168.137 என்று தொடங்கும் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) எடுத்து, தானாகப் பெறும்படி மாற்றினேன். அவ்வளவுதான்.

ஆனால் அக்காவின் போர்ட்டில் மட்டும் பச்சைக்குப் பதில் ஆரஞ்சு விளக்கு. கிகாபிட் வேகமான 1000 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வர வேண்டிய இடத்தில் 100 மட்டும். ஸ்விட்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி ஒன்று பின்னைத் தொடாமல் பாதியிலேயே நிற்கிறது. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். முனையை வெட்டிப் புது பிளக்கை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப் செய்வது என்பார்கள்) பச்சை எரிந்தது. இணைய வேகம் இதனால் கூடவில்லை, அது திட்டத்தைப் பொறுத்தது. ஆனால் எங்கள் இரண்டு கணினிகளுக்கு இடையே ஃபைல் நகலெடுப்பது இப்போது பறக்கிறது.

குறை என்றால், பெட்டி ரொம்ப லேசு. கேபிளின் கனமே அதை மேசையிலிருந்து இழுத்துவிடும். இருபக்க டேப் போட்டு ஒட்டிவிட்டேன்.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் மோடம் ரவுட்டர் வேலையும் செய்து, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி முகவரி கொடுக்கிறதா? கொடுத்தால் ஸ்விட்ச் போதும். ஒரே ஒரு கணினிக்குத்தான் கொடுக்கும் என்றால் ஸ்விட்ச் உதவாது, ரவுட்டர் வாங்குங்கள்.

நேற்று அக்கா வேலையில் இருக்கும்போதே என் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.