வீட்டிலேயே டீஜே கலவை: மிக்ஸ் மென்பொருள் நம் பாடல்களுக்கு ஒத்துவருமா?

கொழும்பில் நடக்கும் தமிழர் திருமண வரவேற்புகளில் ஆடுவதற்கென ஒரு பாடல் தொகுப்பு வேண்டுமென்றால், எண்பதுகளின் திரைப்பாடல், இன்றைய குத்துப்பாட்டு, சிங்கள பைலா மூன்றும் அதில் அடுத்தடுத்து வந்தே தீரும். அதனை வீட்டுக் கணினியிலேயே கோத்தெடுக்க விரும்புவோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மென்பொருள் மிக்ஸ். இணையத்தில் தேடும்போது பெயரின் ஈற்றில் எக்ஸ் எழுத்தை மூன்று முறை இட வேண்டும். 2001இல் முனைவர் பட்ட ஆய்வொன்றுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த இது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. முற்றிலும் இலவசம், கலவையைப் பதிவுசெய்வதற்கும் கட்டணம் இல்லை.

பாடலை ஏற்றியதும் அதன் வேகத்தைத் தானே கணித்து, 'சிங்க்' பொத்தானை அழுத்தியவுடன் இரண்டு பாடல்களின் தாளத்தையும் பொருத்திவிடும். கணினித் தாளத்தில் உருவான இன்றைய பாடல்களில் இது பிசகுவதே அரிது. பைலாவில்தான் சோதனை. ஆறெட்டு தாளத்தில் அமைந்த பாடலின் வேகம் நிமிடத்துக்கு 110 அடியாக இருக்கையில், மென்பொருள் அதனை 165 எனக் காட்டுவதுண்டு. அவ்வேளையில் பாடலின் மீது வலது சொடுக்கி, வேகத்தை மூன்றில் இரண்டாகக் குறைக்கும் தெரிவை அழுத்தினால் கணக்கு நேராகிவிடும். இப்படியொரு வசதியை எண்ணிச் செய்து வைத்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். வாத்தியக்காரர்கள் கூடியிருந்து வாசித்த பழைய பாடல்களில் சிக்கல் வேறு: பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் சற்றே கூடும். மென்பொருளோ வேகம் மாறாது என்று கருதி, தாள அடிகளைக் குறிக்கும் கோடுகளைச் சமதூரத்தில் இடுவதால், பாதிப் பாட்டில் தாளம் நழுவுகிறது. அமைப்புகளில் அந்த மாறா வேகத் தெரிவை நீக்கி மீண்டும் பகுப்பாய்வு செய்தால் பெருமளவு சீராகும். எஞ்சியதைக் காதால் கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

சுருதி கணிப்பை நான் அந்த அளவுக்கு நம்புவதில்லை. ஒவ்வொரு பாடலையும் மேற்கத்திய இசையின் மேஜர், மைனர் என்ற இரண்டு ஸ்வர வரிசைகளில் ஒன்றாக அது அடையாளமிடுகிறது. கீழ்ப்பாதி மேஜரையும் மேற்பாதி மைனரையும் ஒத்திருக்கும் சாருகேசி போன்ற இராகத்தில் அமைந்த பாட்டுக்கு அந்த அடையாளம் என்ன பயன் தரும்? பாட்டின் ஆதார சட்ஜத்தை, அதாவது அடிப்படை 'ஸ' ஸ்வரத்தை, ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதே மேல். வேகத்தை மாற்றினாலும் சுருதியை மாறாமல் காக்கும் 'கீ லொக்' வசதி நன்றாகவே வேலை செய்கிறது; ஆயினும் ஐந்தாறு விழுக்காட்டைத் தாண்டினால் பாடகரின் குரலில் செயற்கைத்தன்மை ஏறுகிறது.

அடுத்த பாடலை ஹெட்போனில் முன்கூட்டியே கேட்பதற்கு இரண்டாவது ஒலி வெளியீடு தேவை. பெரும்பாலான மடிக்கணினிகளில் அது இல்லாததால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வாங்கிக்கொள்வது நல்லது. அதுவரை, ஒரு காதில் கலவையையும் மறுகாதில் அடுத்த பாடலையும் தரும் 'ஸ்பிளிட்' பொத்தான் வீட்டுப் பயிற்சிக்குப் போதும்.

பதிவை, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவில் செய்யுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 மெகாபைட் பிடிக்கும், எம்பி3ஆகப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கட்டண இசைச் செயலிகளில் உள்ள பாடல்களை இதற்குள் நேரடியாக ஏற்ற இயலாது என்பதால், பாடல்கள் கோப்புகளாகக் கையில் இருக்க வேண்டும். காணொளிகளிலிருந்து பிரித்தெடுத்த தரங்குறைந்த கோப்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறையில் தெரியாத அவற்றின் குறை, மண்டபத்து ஒலிபெருக்கியில் முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.