பலவண்ண இலை என்று வந்தது தேமல் நோய்: செடிப் பரிமாற்றம் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

அரிய செடிகளின் தண்டுத்துண்டுகளையும் விதைகளையும் பணம் பெறாமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே நம்பிக்கையின் பேரில் நடந்து வருகிறது. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி, இலை வெளிறும் தேமல் என்னும் வைரஸ் நோயுற்ற செடியைப் பலவண்ண இலைச் செடி என்று சொல்லி ஒருவர் பலருக்கும் அனுப்பியிருக்கிறார்; பெற்றவர்களில் நானும் ஒருவன். அவர் பெயரை நான் வெளியிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை தெரிந்துவிட்டால், அதையே வேறொருவர் செய்தாலும் நீங்கள் கண்டுகொள்ள முடியும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

வேர்விட்ட ஹோயா என்னும் அலங்காரக் கொடிகளையும், காய் வெடித்தவுடன் சேகரித்த அடீனியம் விதைகளையும் நான் அனுப்பினேன். பதிலுக்கு, வெள்ளையும் பச்சையும் கலந்த பிலோடென்ட்ரான் என்னும் அலங்கார இலைச் செடியின் தண்டு ஒன்றையும், நெப்பந்தஸ் ராஜா என்னும் பெரிய குடுவைச் செடியின் விதைகளையும் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். அவர் காட்டிய படத்தில் இலையின் பாதி தூய வெண்மையாகவும், வெட்டி ஒட்டியது போன்ற தெளிவான எல்லையோடும் இருந்தது. வந்த தண்டிலோ, நரம்புகளை ஒட்டி வெளிர்மஞ்சள் தீற்றல்கள் கலங்கலாகப் பரவியிருந்தன. இலை விளிம்பும் சற்றுச் சுருண்டிருந்தது. கேட்டபோது, இளம் இலையில் அப்படித்தான் இருக்கும் என்றும், வளர வளர வெண்மை கூடும் என்றும் பதில் வந்தது. அந்தப் பதில் பொய்.

பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா போன்றவற்றில் நாம் விரும்பித் தேடும் வெண்மை, பெரும்பாலும் வளர்நுனியில் பச்சையம் உருவாக்கும் உயிரணுக்களும் உருவாக்காத உயிரணுக்களும் சேர்ந்தே இருப்பதால் உண்டாகிறது. ஆகவே அந்த வெண்மை இலையோடு நிற்பதில்லை. தண்டிலும் காம்பிலும் வெள்ளைக் கோடாகத் தொடர்ந்து ஓடும், கோடு செல்லும் பக்கத்துக் கணுவிலிருந்து வரும் இலையில் மீண்டும் வெளிப்படும். எனக்கு வந்த தண்டில் அப்படிப்பட்ட கோடு எதுவும் இல்லை. அதிலிருந்தது சேம்பு, பிலோடென்ட்ரான், கலேடியம், அலோகேசியா எனச் சேப்பங்கிழங்குக் குடும்பச் செடிகள் பலவற்றைத் தாக்கித் தேமல் உண்டாக்கும் டாஷீன் மொசைக் வைரஸின் அறிகுறி. நரம்புகளின் இருபுறமும் இறகு போலப் பரவும் வெளிறல் அதன் அடையாளம். பாதிக்கப்பட்ட செடி இடையிடையே குறையே இல்லாத இலைகளையும் விடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. நல்ல இலை வந்த வேளையில் படமெடுத்துக் காட்டினால் யாராலும் சந்தேகப்பட முடியாது.

புதிதாக வரும் எந்தச் செடியையும் மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியே வைப்பது என் பழக்கமாதலால் என்னிடமிருந்த பிற செடிகள் தப்பின. அதே நபரிடம் தண்டு பெற்ற இன்னொரு வளர்ப்பாளருக்கு அப்படி அமையவில்லை. அசுவினிப் பூச்சி ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்குச் சென்ற சில நிமிடங்களிலேயே இந்த வைரஸைக் கடத்திவிடும். வெட்டிய கத்தியில் ஒட்டிய சாறும் கடத்தும். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த அலோகேசியாக்களும் கலேடியங்களும் ஒவ்வொன்றாகத் தேமல் கண்டன. எந்த மருந்தைத் தெளித்தாலும் இது குணமாகாது. ஆய்வகத்தில் நுனித்திசு வளர்ப்பு மூலம் வைரஸ் நீங்கிய கன்றுகளை உருவாக்க முடியுமே தவிர, தொட்டியில் நிற்கும் செடியைக் காப்பாற்ற வழியில்லை. அவர் அவற்றை எரித்தார் என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

விதைகளின் கதை சுருக்கமானது. நெப்பந்தஸ் விதை நடுவில் சற்றே பருத்து, இருபுறமும் நூல் போல மெலிந்து நீளும். எனக்கு வந்தவை உருண்டையான, கடினமான கறுப்பு விதைகள். உண்மையான விதையே வந்திருந்தாலும் கேள்விகள் உண்டு. நெப்பந்தஸில் ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு; இரண்டும் ஒரே காலத்தில் பூத்தால்தான் விதை. எனவே விதை தருபவரிடம் ஆண் செடி எது, எப்போது மகரந்தம் சேர்த்தார் என்று கேட்பது நியாயமே. நான் கேட்டதற்கு அவர் பதில் தரவில்லை. மேலும் ராஜா இனம் போர்னியோவின் கினபாலு மலையிலும் அதை அடுத்த தம்புயுகோன் மலையிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்புப் பட்டியலில் இடம்பெற்றது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் அதன் விதையை நாட்டு எல்லை தாண்டி அனுப்புவது குற்றம். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் தாராளமாக விதை வழங்குகிறார் என்றாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பெற்றவர்கள் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், எல்லோருக்கும் ஒரே படம்தான் அனுப்பப்பட்டிருந்தது. ஒருவருக்கு ஹோயா கெர்ரியின் இதய வடிவ இலை ஒன்று மட்டும் வந்திருக்கிறது. கணு இல்லாத அந்த இலை வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பசுமையாக நின்றாலும் கொடியாக மாறாது. நாங்கள் சேர்ந்து கேட்டதும் அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இனி பரிமாற்றத்துக்கு முன், தண்டு, கணு, காம்பு, இலையின் அடிப்புறம் ஆகியவற்றை அன்றைய தேதி எழுதிய சீட்டுடன் சேர்த்துப் படமெடுத்துத் தரும்படி கேளுங்கள். நேர்மையாக வளர்ப்பவர் எவரும் இதற்கு வருத்தப்படமாட்டார். சமீபத்தில் யாரிடமிருந்தாவது இத்தகைய பிலோடென்ட்ரான் தண்டு பெற்று, அதில் கோடில்லாத தண்டும் கலங்கலான தீற்றலும் கண்டால், அதிலிருந்து துண்டு வெட்டி எவருக்கும் கொடுக்க வேண்டாம். தொட்ட கத்தியை ஸ்பிரிட்டால் துடைப்பதோடு நிறுத்தாமல், ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். இந்த வைரஸ் குழுவைக் கண்டறியும் பரிசோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. அதில் உறுதியானால் செடியை உரக்குழியில் போடாமல், மண்ணோடு சேர்த்து மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.