லிங்க், ஹெய்ஹாச்சி, ஸ்பான்: சோல்காலிபர் 2-ல் எந்தப் பதிப்பை வாங்கலாம்?

2003-ல் நாம்கோ நிறுவனம் 'சோல்காலிபர் 2' என்ற ஆயுதச் சண்டை வீடியோ கேமை வீட்டு கன்சோல்களுக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு விருந்தாளியை, அதாவது வேறு இடத்திலிருந்து இரவல் வந்த பாத்திரத்தைக் கொடுத்தது. நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு 'ஸெல்டா' சாகச ஆட்டங்களின் நாயகன் லிங்க், பிளேஸ்டேஷன் 2-க்கு 'டெக்கன்' சண்டை ஆட்டத்தின் கிழவர் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸுக்கு டாட் மெக்ஃபார்லேனின் காமிக்ஸ் நாயகன் ஸ்பான். மற்றபடி மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆட்டம்தான். மெக்ஃபார்லேன் வடிவமைத்த நெக்ரிட் என்ற பாத்திரம்கூட மூன்றிலும் இருக்கிறான். நான் வாங்கியது கேம்கியூப் பதிப்பு. இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்பாக்ஸ். 720பி என்ற எச்டி தெளிவு வரை போகும். கன்ட்ரோலரைப் பொறுத்தவரை பிளேஸ்டேஷன் 2-தான் கைக்கு வாகு. கேம்கியூபின் திசைப் பொத்தான் சண்டை ஆட்டத்துக்கு ரொம்பச் சின்னது, கட்டைவிரல் வலிக்கும். இந்த இரண்டிலும் என் பதிப்பு பின்தங்கியதுதான், மறுக்க மாட்டேன்.

ஆனால் லிங்க்கை எடுத்து ஆடிப் பாருங்கள். எல்லோரும் ஆயுதத்தோடு நெருங்கி மோதுகிற ஆட்டத்தில் இவன் தள்ளி நின்று அம்பு விடுகிறான், பூமராங் எறிகிறான், குண்டு வீசுகிறான். எதிராளி கிட்டே வருவதற்கே வழி யோசிக்க வேண்டும். மாற்று ஆயுதங்களில் 'ஸெல்டா'வில் வருகிற பிக்கொரான் வாளும் மெகாடன் சுத்தியலும் உண்டு, பூச்சி பிடிக்கும் வலைகூட உண்டு. செய்தவர்கள் 'ஸெல்டா'வை ஆசையாக ஆடியவர்கள் என்பது அந்த வலையைப் பார்த்தாலே புரியும். ஹெய்ஹாச்சி அத்தனை ஆயுதங்களுக்கு நடுவே கையாலேயே அடிப்பவர்; டெக்கன் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். ஸ்பானை நண்பர் வீட்டில் கொஞ்சம் ஆடியதோடு சரி. கோடரி வீச்சு கனமாக இருந்தது நினைவிருக்கிறது, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு என்னிடம் சரக்கில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: இந்தக் கூடுதல் பாத்திரம் யாருடைய சொத்து? ஹெய்ஹாச்சி நாம்கோவின் சொந்தப் பிள்ளை, எந்தக் கன்சோலுக்கும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். ஸ்பான் மெக்ஃபார்லேனுடையவன். அவர் கன்சோல் விற்பவர் அல்ல, பேசி உரிமம் வாங்கிவிடலாம். லிங்க்கின் சொந்தக்காரர் நின்டெண்டோ. அது தானே கன்சோல் விற்கிறது, போட்டியாளரின் கன்சோலுக்குத் தன் நாயகனை அனுப்ப அதற்கு என்ன அவசியம்?

பின்னால் நடந்ததும் அப்படித்தான். 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் எச்டி பதிப்பு வந்தபோது ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் இரண்டிலுமே இருந்தார்கள், லிங்க் மட்டும் இல்லை. ஸ்பான் 2020-ல் 'மார்ட்டல் காம்பாட் 11' என்ற வேறொரு சண்டை ஆட்டத்திலும் தலைகாட்டினான். 2008-ல் வந்த 'சோல்காலிபர் 4'-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் டார்த் வேடர் பிளேஸ்டேஷனுக்கு, யோடா எக்ஸ்பாக்ஸுக்கு என்று பிரித்தார்கள். அவர்களின் சொந்தக்காரர் கன்சோல் வியாபாரி அல்லர் என்பதால் சில மாதங்களிலேயே இருவரும் இரு பக்கமும் காசுக்குக் கிடைத்தார்கள். லிங்க் போன்ற ஒருவனுக்காக மட்டும்தான் கன்சோலைப் பார்த்து ஆட்டத்தை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்று, மூன்று பதிப்புக்கும் பொதுவான நல்ல விஷயம்: விருந்தாளி வட்டிலேயே இருக்கிறார். 2011-ன் 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி'யில் கேட்வுமன் பகுதிகள் புது டப்பாவுக்குள் ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீடாக வந்தன, பழைய வட்டு வாங்கியவர் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. சோல்காலிபர் 2-ஐ எத்தனையாவது கை மாறி வாங்கினாலும் லிங்க் உள்ளேயே இருப்பான்.

2025-ல் ஸ்விட்ச் 2 வெளியானபோது நின்டெண்டோவின் சந்தா நூலகத்தில் இந்தக் கேம்கியூப் பதிப்பே, லிங்க்கோடு, முதல் நாளிலேயே வந்துவிட்டது. அந்தக் கன்சோலும் எக்ஸ்பேன்ஷன் பேக் சந்தாவும் இருப்பவர்கள் வட்டைத் தேட வேண்டாம். வட்டில்தான் ஆடுவேன் என்றால், கேம்கியூப் கிடைக்காவிட்டாலும் அதற்கு அடுத்து வந்த கன்சோலான நின்டெண்டோ வீ-யின் ஆரம்பகால மாடல் போதும். மேல்பக்கம் கேம்கியூப் கன்ட்ரோலர் துளைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பின்னால் வந்த மாடல்களில் அவை கிடையாது. கேம்கியூப் மெமரி கார்டும் தனியாக வேண்டும். வட்டும் கன்சோலும் ஒரே பிராந்தியத்தைச் சேர்ந்தவையா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.