முதலில் கோப்பைக் கேளுங்கள், புகார் பிறகு

பொதுப் பணத்திலோ பொது அதிகாரத்திலோ ஓர் அலுவலகம் கைவைத்துவிட்டது என்று தெரியவருகிறது. எந்தக் கதவைத் தட்டுவது? பல நாடுகளில் நான்கு கதவுகள் இருக்கின்றன. தகவல் சட்டத்தின்கீழ் ஆவணம் கேட்கலாம். குறைகேள் அதிகாரியிடம், அதாவது ஆம்புட்ஸ்மனிடம், புகார் கொடுக்கலாம். விசாரணை ஆணையம் அமைக்கச் சொல்லிக் குரல் எழுப்பலாம். வழக்குப் போடலாம். பத்திரிகையும் போராட்டமும் தேர்தலும் இவற்றோடு சேர்ந்தே நடப்பவை என்பதால் அவற்றை இங்கே ஒப்பிடவில்லை.

எங்கள் ஓட்டு முதல் கதவுக்கு. மற்ற மூன்றும் வீண் என்பதால் அல்ல. அவை பெரும்பாலும் ஆறு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கும், கோப்பு இல்லாமல் போகலாம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அலுவலகத்திலும் எந்தப் பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று ஓர் அட்டவணை உண்டு. கெடு முடிந்ததும் பதிவேடு அழிக்கப்படும். அதற்குச் சதி எதுவும் தேவையில்லை, வழக்கமான வேலையே போதும். கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே மேலெழுதப்படுகின்றன. அதிகாரிகளின் கைப்பேசிச் செய்திகள் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களின் வருகைச் சீட்டுகளை அந்நாட்டு உள்துறை 2010இல் அழித்தது. சட்டப்படி குடியிருந்த அவர்களையே சட்டவிரோதமாக வந்தவர்களாக நடத்திய விண்ட்ரஷ் விவகாரம் 2018இல் வெடித்தபோது, எந்த ஆண்டு வந்தோம் என்று காட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு உதவியிருக்கக்கூடிய சீட்டுகள் அவை. வேண்டுமென்றே அழிப்பதும் உண்டு. விசாரணைக் கைதிகளை நடத்திய விதத்தைக் காட்டும் 92 காணொளி நாடாக்களை அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ 2005இல் அழித்தது.

தகவல் கோரிக்கை இங்கேதான் ஆணியாக இறங்குகிறது. பிரிட்டனின் சட்டப்படி, கேட்கப்பட்ட ஆவணத்தை வெளிவராமல் தடுக்கும் நோக்கில் அழித்தாலோ திருத்தினாலோ அது குற்றம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் உண்டு. கேட்ட தகவலை அழித்தவர்மீதும் அந்தப் பிரிவு பாயும். தண்டம் கட்டுவது துறை அல்ல, சம்பந்தப்பட்ட தகவல் அலுவலர். தொகை சிறியதுதான், ஆனால் தன் சொந்தப் பையிலிருந்து போகும் என்றால் எந்த எழுத்தரும் ஒரு முறை யோசிப்பார்.

கோரிக்கையை எழுதும் விதத்தில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். “ஏன் இந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தீர்கள்?” என்று கேட்டால், விளக்கம் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். அது சட்டப்படி சரியான பதிலும்கூட. கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமை. ஆகவே காரணத்தைக் கேட்காமல், காரணம் எழுதப்பட்டிருக்கும் தாளைக் கேளுங்கள்: அந்த முடிவு எடுக்கப்பட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்கள், முதல் பக்கம் தொடங்கிக் கடைசிக் கையெழுத்து வரை.

ஒப்பந்த விவகாரம் என்றால் கேட்க வேண்டியவை இவை: ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, வந்த விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியல், மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பு, பணி ஆணை, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம், பணம் வழங்கிய பட்டியல்கள் (பில்கள்), பிறகு சேர்க்கப்பட்ட கூடுதல் பணிகளின் ஆணைகள். முதலில் கடைசி மூன்றைப் புரட்டுங்கள். மிகக் குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, கூடுதல் பணி என்ற பெயரில் அதை மீட்டுக்கொள்வது பழைய வித்தை. அளவுப் புத்தகத்தில் உள்ள அளவும் பட்டியலில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா, விலை உறைகள் திறந்த தேதிக்கு முன்பே குழு கையெழுத்திட்டிருக்கிறதா, குறிப்புப் பக்கங்களின் எண் வரிசையில் எங்காவது தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் வந்தால் அந்த வாரத்தின் தபால் பதிவேட்டையும் கேளுங்கள். கோப்பில் தேதியை மாற்றுவது எளிது. வேறொரு மேசையில் வரிசை எண்ணோடு இருக்கும் பதிவேட்டில் இடைச்செருகுவது அவ்வளவு எளிதல்ல.

பேராசை இங்கே ஆகாது. பிரிட்டனில் மத்திய அரசுத் துறைக்கு 600 பவுண்டு, பிற அமைப்புகளுக்கு 450 பவுண்டு என்று செலவு வரம்பு இருக்கிறது. மணிக்கு 25 பவுண்டு கணக்கில் அது 24 மணி நேர வேலை அல்லது 18 மணி நேர வேலை. தேடி எடுக்க அதற்கு மேல் ஆகும் என்றால் மறுத்துவிடலாம். ஒரே ஆள் 60 வேலை நாட்களுக்குள் ஒரே பொருளைத் துண்டு துண்டாகக் கேட்டாலும் சேர்த்துக் கணக்கிடலாம். ‘பத்து ஆண்டு ஒப்பந்தங்கள் அனைத்தும்’ என்று எழுதுவது மறுப்பை நாமே எழுதிக் கொடுப்பதுபோல. முதல் கோரிக்கையில் கோப்புகளின் பட்டியலையும், எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்ற அட்டவணையையும் மட்டும் கேளுங்கள். அவை வந்த பிறகு கோப்பு எண்ணோடு இரண்டாவது கோரிக்கை போகட்டும்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பதிலே வராமல் போகலாம், பக்கம் முழுக்கக் கறுப்பு மை பூசி வரலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை வெளியிட உயர் நீதிமன்றம் 2008இல் உத்தரவிட்டது. நாடாளுமன்றம் 2009 ஜூனில் வெளியிட்ட பிரதிகளில் முகவரிகள் மறைக்கப்பட்டிருந்தன. எந்த வீட்டை எப்போது ‘இரண்டாவது வீடு’ என்று மாற்றிக் காட்டிப் பணம் பெற்றார்கள் என்பது அந்தப் பிரதியிலிருந்து புரிந்திருக்காது. அதற்கு முந்தைய மாதமே முழுக் கணக்கும் ஒரு நாளிதழுக்குக் கசிந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. தனியார் நிறுவனங்களிடம் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் செல்லாது, தென்னாப்பிரிக்கா போன்ற சில நாடுகளில் உரிமையைக் காக்கத் தேவை என்றால் அவற்றிடமும் கேட்கலாம். மற்ற நாடுகளில் சுற்றுவழி ஒன்று உண்டு. நிறுவனத்தை விட்டுவிட்டு, அதைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கு அது அனுப்பிய அறிக்கைகளைக் கேளுங்கள்.

குறைகேள் அதிகாரி சுவீடன் 1809இல் உலகுக்குத் தந்த ஏற்பாடு. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம், கோப்பை அவரே வரவழைத்துப் பார்ப்பார். ஓய்வூதியம் தாமதம், உரிமம் மறுப்பு போன்ற தனிமனிதக் குறைகளுக்கு இவரே முதல் தேர்வு. பெரிய விவகாரங்களில்தான் சிக்கல், ஏனெனில் பல நாடுகளில் இவரால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். பெண்களின் ஓய்வூதிய வயது மாற்றத்தைச் சரியாக அறிவிக்கவில்லை என்ற புகாரில் ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தகும் என்று பிரிட்டிஷ் குறைகேள் அதிகாரி 2024 மார்ச்சில் சொன்னார். டிசம்பரில் அரசு முடியாது என்றது. தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவின் நிகாண்ட்லா வீட்டுக்குச் செலவான பொதுப் பணம் குறித்து, அந்நாட்டின் குறைகேள் அதிகாரியான பொதுப் பாதுகாவலர் துலி மடோன்செலா சொன்ன தீர்வு ஜூமாவைக் கட்டுப்படுத்தும் என்று 2016இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 78 லட்சம் ராண்டை ஜூமா திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. புகார் எழுதும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தில் ‘பரிந்துரை’ என்று இருக்கிறதா, ‘உத்தரவு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

விசாரணை ஆணையத்துக்கு நாங்கள் தரும் மதிப்பெண் குறைவு. ஆளை நியமிப்பதும் விசாரணை வரம்பை எழுதுவதும் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்ட அரசே. பாபர் மசூதி இடிப்பை விசாரித்த லிபரான் ஆணையத்துக்கு 1992இல் தந்த காலம் 3 மாதம். 48 நீட்டிப்புகளுக்குப் பிறகு 2009இல்தான் அறிக்கை வந்தது. ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல் குறித்த 2012 அறிக்கையைத் தந்த குழு விதிவிலக்கு. யாரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. சுமார் 4.5 லட்சம் பக்கங்களைப் படித்தே, காவலர்களின் 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டதையும், அவற்றில் 116இல் காவல்துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டதை அல்லது மாற்றப்பட்டதையும் அது காட்டியது. அந்த வெற்றியும் ஆவணத்தின் வெற்றிதான்.

நீதிமன்றத்தின் பலம், எதிர்த்தரப்பின் பெட்டியைத் திறக்கச் சொல்லும் உத்தரவு. செலவுதான் ஆளை விழுங்குகிறது. அஞ்சலகக் கணக்கில் பணம் குறைவதாகத் தவறாகக் காட்டிய, பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள் குறித்த வழக்கில் 555 பேர் சேர்ந்து போராடி, 2019இல் 5.775 கோடி பவுண்டுக்குச் சமரசம் பெற்றார்கள். அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கும் அதற்கு நிதி தந்தவர்களுக்குமே போயிற்று. வழக்குக்குக் காலவரையும் உண்டு. இங்கிலாந்தில் அரசு முடிவை எதிர்க்கும் மறுஆய்வு மனுவைத் தாமதமின்றி, எப்படியும் 3 மாதத்துக்குள் போட வேண்டும். தகவல் கோரிக்கைக்கு 20 வேலை நாள், மறுத்தால் மேல்முறையீட்டுக்கு இன்னும் சில வாரம் என்று காத்திருந்தால் அந்தக் கெடு கைநழுவிவிடும். இத்தகைய வழக்கில் கோரிக்கையையும் வழக்கறிஞரையும் ஒரே வாரத்தில் தொடங்குவதே சரி, எங்கள் வரிசைமுறை இங்கே செல்லாது.

இன்னொரு விஷயத்தில் கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் ஒருவர் சொல்லித்தான் முறைகேடு தெரிந்தது என்றால், கோப்பு எண்ணைத் துல்லியமாக எழுதுவது அவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். அந்த எண் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும் என்றால் சந்தேகம் நேராக அவர்மீது விழும். அப்போது அந்தக் கோப்பைத் தொடாமல், அந்த மாதம் முழுவதற்குமான பணம் வழங்கல் பதிவேட்டையும், கூடவே முன்பின் மாதங்களுடையதையும் கேளுங்கள். வேண்டிய வரி அதற்குள் எங்கோ இருக்கும்.