பன்னா கோட்டா: ஜெலட்டினா, கடற்பாசியா?

மகளின் பிறந்தநாளுக்கு இந்த முறை கேக்கோடு பன்னா கோட்டாவும் வேண்டும் என்றாள். இத்தாலியின் பியமோந்தே பக்கத்துப் பண்டம். பெயருக்கு 'வெந்த கிரீம்' என்று பொருள். வட்டிலப்பம் மாதிரி முட்டையும் இல்லை, ஆவியில் அவிப்பதும் இல்லை. பால், கிரீம், சீனி, வனிலா, உறையவைக்க ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்று' ஜெலட்டினா, கடலில் வளரும் பாசியிலிருந்து எடுக்கும் கடற்பாசித் தூளா (அகர் அகர்) என்பதில்தான் எங்கள் வீட்டில் பேச்சு வளர்ந்தது.

முதலில் ஜெலட்டின். கால் லீட்டர் பாலுக்குக் கால் லீட்டர் கிரீம் என்றால் தட்டையாக இரண்டு தேக்கரண்டித் தூள் போதும். பச்சைத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சூடான பாலில் கரைக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும். ருசிக்கு இதுதான் ஒரிஜினல். ஜெலட்டின் 35 பாகை அளவிலேயே உருகுவதால், வாயில் வைத்ததுமே கரைந்து ஓடும். கடற்பாசியில் அது வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்ஜில் நாலைந்து மணி நேரமாவது இருக்க வேண்டும். எங்கள் மலையூர் நுவரெலியாவின் குளிர்தானே என்று ஒரு ராத்திரி சமையலறை மேசையிலேயே மூடி வைத்தேன். காலையில் கோப்பையைச் சாய்த்தால் தயிர்போல வழிந்தது. பால் சாமான், மறுபடி பிரிட்ஜில் வைக்கவும் மனம் வரவில்லை, கொட்டினேன்.

ஆனாலும் கடற்பாசிக்கு நான் மாறியது அதனால் அல்ல. சாப்பிட வருகிறவர்களால்.

ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்றித்தோல் இவற்றிலிருந்து எடுப்பது. நான் வாங்கிய பாக்கெட்டில் எந்த மிருகம் என்று போட்டிருக்கவில்லை. அம்மாயி மாட்டிறைச்சி பக்கமே போகமாட்டா, வெள்ளிக்கிழமை முட்டைகூட இல்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் பன்றி என்றால் தொடாது. ஹலால் ஜெலட்டின் தேடி வாங்கினால் அவர்கள் பிரச்சினை தீரும், அது மாடு என்றால் அம்மாயியின் பிரச்சினை நிற்கும். தெரியாமல் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதா? அது என்னால் முடியாது. ஒரே சட்டியில் செய்ததை எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும் என்றால் கடற்பாசியைத் தவிர வழியில்லை. நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டிலிருந்து வரும் கடற்பாசியை அம்மாயி ஏற்கெனவே ரசித்துச் சாப்பிடுகிறவதான்.

அதைச் செய்வதில்தான் பக்குவம் இருக்கிறது. அரை லீட்டருக்கு அரைத் தேக்கரண்டித் தூள், அதற்கு மேல் போட்டால் ரப்பர். பாலில் நேராகப் போடாமல் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைப்பது நல்லது. இங்கே கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கடற்பாசி உருக அது போதும், ஆனால் நான் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகவே விடுகிறேன். அடுத்த சிக்கல்தான் பெரிசு. கடற்பாசி 35, 40 பாகைக்கு இறங்கியதுமே உறையத் தொடங்கும். பிரிட்ஜில் இருந்து எடுத்த கிரீமை அப்படியே ஊற்றியபோது எனக்குக் கட்டி கட்டியாகப் பிரிந்தது. இப்போது பாலையும் கிரீமையும் வேறு சட்டியில் சூடாக்கி வைத்துக்கொண்டுதான் கலக்கிறேன். உறைந்த பிறகு கரண்ட் போனாலும் உருகாது. குளிரவைப்பது ருசிக்கும், பால் கெடாமல் இருக்கவும்தான்.

மேலே ஊற்ற ஸ்ட்ரோபெரியா, கித்துள் பாணியா (கித்துள் பனையின் பாகு) என்பது உங்கள் இஷ்டம். வேகவைக்காத அன்னாசியை மட்டும் ஜெலட்டினோடு சேர்க்காதீர்கள், அதிலுள்ள நொதி உறைந்ததைத் தண்ணியாக்கிவிடும். கடற்பாசிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் இரண்டாம் நாள் கோப்பையின் ஓரத்தில் நீர் விடும், அன்றன்றே தீர்ப்பது நல்லது. தேங்காய்ப்பாலில் ஒரே ஒரு தடவைதான் செய்தேன், நன்றாக வந்தது. ஒரு தடவையை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

மிச்ச ஜெலட்டின் பாக்கெட் அலுமாரியில் இருக்கிறது. நானும் மகளும் மட்டும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு.